தேசிய வாசகரின் மதியச் சாப்பாடு

நல்லமங்கலம் கிளை நூலகத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அங்கே வருகிறவர்களுக்கு வேண்டியது ஒரு நாற்காலி, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி, தாழ்ப்பாள் விழுகிற கழிப்பறை. இந்த மூன்றும் கிடைத்துவிட்டால், காலையில் வந்து உட்காருகிற பெண்கள் சாயங்காலம் வரை புத்தகத்திலிருந்து தலை நிமிர மாட்டார்கள். எல்லோரும் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். வீட்டில் மாமியார், கைக்குழந்தை, ஓயாத டிவி. அதனால் வழிகாட்டிப் புத்தகத்தையும் சாப்பாட்டு டப்பாவையும் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள்.

நூலகத்தின் நடுவில் அவர்களுக்கென்று ஒரு நீள மேஜை இருந்தது. இருபது பேர் உட்காரலாம், நெருக்கிக்கொண்டால் இன்னும் இரண்டு பேர். அதன் ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அடியில் நூலகத்தின் மிகத் தடித்த புத்தகமான தேசிய நூலக உத்தியின் முதல் அறிக்கையை வைத்திருந்தார்கள். மேஜை ஆடவில்லை.

இப்போது நடப்பில் இருந்தது அந்த உத்தியின் மூன்றாம் பதிப்பு. டிஜிட்டல் சமுதாயத்தில் நூலகப் பயன்பாடு என்றால் என்ன என்று அது தெளிவாக வரையறுத்திருந்தது. நூலகத்துக்கு வந்து வினவியிடம் கேள்வி கேட்பவர் வாசகர். கேட்காதவர் வாசகர் அல்ல. ஆகவே நீள மேஜையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற இந்தப் பெண்கள், தேசத்தின் பார்வையில், நூலகத்துக்கு வரவேயில்லை.

வினவி என்பது சுவரில் மாட்டிய ஒரு திரையும் அதன் கீழ் ஒரு விசைப்பலகையும். மக்கள் அதில் கேட்கிற கேள்விகள் எல்லாம் டெல்லிக்குப் போகும். அங்கே அவற்றை ஒன்றாகப் பிசைந்து ஒரு மனிதரை உண்டாக்கியிருந்தார்கள். அவர் பெயர் தேசிய வாசகர். உடம்பு கிடையாது. குரல் உண்டு, நாட்டின் எல்லா மொழிகளிலும் பேசுவார். எந்தப் புத்தகம் வாங்கலாம், எந்த ஊருக்கு என்ன வசதி வேண்டும் என்று கோடிப் பேரைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட இவர் ஒருவரைக் கேட்பது எளிது. செலவும் குறைவு. பதில் பிடிக்கவில்லையென்றால் மறுபடி கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி வராத கிளைகளை மூடிவிடுவார்கள் என்பதால், நூலகர்கள் தாங்களே கேள்வி போட்டார்கள். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. முன்பு வருகைப் பதிவேடு இருந்த காலத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டவர்கள், மூன்று நிற மையில் பேனா வைத்திருந்தவர்கள், செத்துப்போன பெரியப்பாவை வாரம் இருமுறை நாளிதழ் படிக்க வைத்தவர்கள் இவர்கள். இப்போது மாவட்ட நூலகர்களின் போன் குழுவில் தினமும் ஒரு கேள்வி வரும். எல்லோரும் அதையே மாலையில் வரிசையாகத் தட்டிவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள்.

நல்லமங்கலம் நூலகர் ஜெபசெல்வியும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தாள், மாவட்ட அலுவலர் குமரேசன் போன் செய்த நாள் வரைக்கும்.

"மேடம், நமக்கு ஒரு பிரச்சினை வந்திருக்கு."

"என்ன சார்?"

"புறா."

"சார்?"

"தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எதுன்னு ஒரு கேள்வி வந்துச்சுல்ல? நம்ம ஆளுங்க சோம்பேறித்தனமா அதையே நாலு மாசம் போட்டுட்டாங்க. டெல்லியில தேசிய வாசகரை உட்கார வச்சு, ஐயா, உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா, மரகதப்புறா, மரகதப்புறான்னு புலம்புறாராம்."

"அதுக்குத்தான் போன மாசம் புறா படம் அனுப்பினாங்களா?"

"கிளைக்கு நாலு. மாட்டியாச்சுல்ல?"

"மாட்டியாச்சு சார். கழிப்பறையிலகூட ஒண்ணு."

"சரி, இனிமே அந்த வேலை நடக்காது. தயக்கமானின்னு ஒண்ணு வச்சுட்டாங்க. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்குறவன் தயங்குவானாம். ஒரு எழுத்து அடிப்பான், அழிப்பான், கையை எடுப்பான், திரும்ப வருவான். அதை அளக்குது. தயக்கம் இல்லன்னா போலின்னு தள்ளிடும்."

"நானும் தயங்கித் தயங்கி அடிக்கிறேன் சார்."

"அதையும் கண்டுபிடிச்சிடுது மேடம். தலைமைக் கிளையில ஒருத்தர் பாதி அடிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டு வந்து மிச்சத்தை அடிச்சிருக்கார். 'இது தேநீர்த் தாமதம், தயக்கம் அல்ல'ன்னு வந்திருக்கு. பார்த்துக்கோங்க. உங்க கிளை பட்டியல்ல கீழ நிக்குது. மூடிட்டா அந்தப் புள்ளைங்க எங்க போகும்னு எனக்கும் கவலையா இருக்கு."

அவருக்குக் கவலை இருந்தது உண்மை. ஆனால் அதைப் பதிவு செய்ய இடமில்லை.

அன்று மாலை, பெண்கள் கிளம்பிப் போனபின் ஜெபசெல்வி வினவியின் முன் நின்றாள். காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டாள். *தயக்கம் போதவில்லை.* உலகின் மிகப் பெரிய பாலைவனம்? *தயக்கம் போதவில்லை.* கண்ணை மூடிக்கொண்டு, எழுத்துகளை மாற்றி அடித்து, பெருமூச்சுகூட விட்டுப் பார்த்தாள். பெருமூச்சை அது கணக்கில் எடுக்கவில்லை.

கைப்பையில் காலி டப்பா இருந்தது. மதியம் அவள் சாப்பிடுவது புத்தக அடுக்குகளுக்குப் பின்னால். புத்தகங்களை மத்தியக் கிடங்குக்கு எடுத்துச் சென்ற பிறகு அங்கே வெற்று அடுக்குகள்தான். ஒரு ஸ்டூல் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். நீள மேஜையில் பெண்கள் டப்பாவைத் திறந்து ஒருத்தி பொரியலை இன்னொருத்தி எடுத்துத் தின்கிற சத்தம் அடுக்குகளைத் தாண்டி வரும். அவள் அங்கே போனால் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதிகாரி என்றால் அப்படித்தான். போகாமல் இருப்பதற்கு அது நல்ல காரணம் என்று பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தாள்.

விரல்கள் தானாக நகர்ந்தன. ஒரு சொல் அடித்தாள். அழித்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தாள்.

*தனியாகச் சாப்பிட்டால் சாப்பாடு ஏன் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது?*

*தயக்கம் போதுமானது. கேள்வி பதிவானது.*

வினவி நீளமாகப் பதில் சொன்னது. உமிழ்நீர், இரைப்பை, மூளைக்குப் போகும் செய்தி. கடைசி வரியில், மெதுவாக மென்று சாப்பிடுங்கள் என்றது. ஜெபசெல்வி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அம்மா இறந்த பிறகு அவளை மென்று சாப்பிடச் சொன்னவர்கள் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு கஷ்டம் இருக்கவில்லை. பெண்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்வாள். *ஒரே ஒரு ஆளுக்குத் தோசை மாவு அரைக்க முடியுமா? பூட்டியிருந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் விளக்கைப் போடுவதா, செருப்பைக் கழற்றுவதா? கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை பேசுவதை நிறுத்திவிட்டால், மறுபடி ஆரம்பிக்க முதல் வாக்கியம் எது?* எல்லாமே பதிவாயின. தங்கையைப் பற்றிய கேள்வியில் தயக்கமானியின் முள் முழு வட்டம் சுற்றி நின்றது. நல்லமங்கலம் கிளை பட்டியலின் அடியிலிருந்து மேலே ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

"எப்படி மேடம் பண்றீங்க?" என்று குமரேசன் கேட்டார். "நாடு முழுக்க வேற எந்தக் கிளைக்கும் இப்போ ஒரு கேள்விகூடத் தேறலையாம். உங்களுக்குத் 'தூய தரவு'ன்னு நட்சத்திரம் கொடுத்திருக்காங்க. குழுவுல கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்."

"சும்மா தோணுறதக் கேக்குறேன் சார்."

"நமக்கெல்லாம் எதுவும் தோண மாட்டேங்குதே," என்றார் அவர். நிஜமாகவே வருந்தினார்.

தகவல் தினத்தன்று தேசிய வாசகர் நாட்டு மக்களிடம் உரையாற்றினார். எல்லா நூலகங்களிலும் ஒளிபரப்ப வேண்டும் என்பது உத்தரவு. பெண்கள் சலிப்போடு புத்தகத்தை மூடிவிட்டுத் திரையைப் பார்த்தார்கள். கம்பீரமான ஆண் குரல்.

"அன்பர்களே, நான் இந்த நாட்டின் சராசரி மனிதன். என் தேவைகள் எளியவை. ஒரே ஒரு ஆளுக்குத் தோசை மாவு அரைக்க முடியுமா என்று எனக்குத் தெரிய வேண்டும்."

கவுன்டருக்குப் பின்னால் ஜெபசெல்வி அசையாமல் நின்றாள்.

"ஏட்டி, யாருட்டி இவன்?" என்றாள் பேச்சியம்மாள். மேஜையின் தலைமாட்டில் உட்காருகிறவள். இரண்டு பிள்ளைக்காரி. மூன்று முறை தேர்வெழுதி ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் விட்டவள். "நாட்டுல ஆயிரம் பிரச்சினை கெடக்கு. இவன் ஒத்தத் தோசைக்கு நின்னு அழுதான்."

"பொண்டாட்டி ஓடிப்போயிருப்பா," என்றது ஒரு குரல்.

"இவன்கூட யாரு இருப்பா? வீட்டுக்குள்ள வந்ததும் வெளக்கப் போடவா, செருப்பக் கழட்டவான்னு கேக்கான் பாரு. மெண்டலு."

மேஜை முழுக்கச் சிரித்தது. திரையில் குரல், தங்கையிடம் பேச வேண்டிய முதல் வாக்கியத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெபசெல்வி குனிந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த தாள்களை மறுபடி அடுக்கினாள். நடுத்தெருவில் புடவை அவிழ்ந்துபோனால் எப்படி இருக்கும் என்று அவள் யோசித்ததுண்டு. இப்படித்தான் இருக்கும் போல. ஒரே ஆறுதல், அவளுடைய மனசுக்கு யாரோ மீசை வைத்துவிட்டிருந்தார்கள். அடையாளம் தெரியாது.

அன்று மாலை கேள்வி போடக்கூடாது என்று முடிவு செய்தாள். பட்டியலை நினைத்துப் போட்டாள். *நம்மைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரிப்பது எப்படி?* பதிவானது.

உத்தரவு அடுத்த மாதம் வந்தது. திட்டத்தின் பெயர் ஏகாந்தம். தேசிய வாசகர் தனிமையைப் பற்றியே இடைவிடாமல் கேட்பதாக நிபுணர் குழு கண்டறிந்திருந்தது. ஒருவர் எதைப் பற்றி அதிகம் கேட்கிறாரோ அதுவே அவர் அதிகம் விரும்புவது என்பது தகவல் துறையின் அடிப்படை விதி. ஆகவே நாட்டிலுள்ள எல்லாக் கிளைகளிலும் பொது மேஜைகள் அகற்றப்படும். அவற்றின் இடத்தில் ஒருவர் மட்டும் உட்காரும் கண்ணாடிக் கூண்டுகள். உள்ளே மெல்லிய இசை. போனில் முன்பதிவு செய்து அரை மணி நேரம் இருக்கலாம். நல்லமங்கலத்துக்கு நான்கு கூண்டு. முதல் கட்டமாகப் பக்கத்து ஊரான மேலக்கரையில் வைத்துவிட்டார்கள்.

மேலக்கரையிலிருந்து ரஹ்மத் நிஷா என்ற பெண் மறுநாளே பஸ் ஏறி வந்தாள். புத்தகப் பையோடு வாசலில் நின்றாள்.

"எங்க ஊர்ல மேஜைய எடுத்துட்டாங்க. இங்க உக்காந்துக்கலாமா மேடம்?"

"கூண்டுல படிக்கலாமே?" ஜெபசெல்விக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அதுல நிதிக் கம்பெனிக்காரர் ஒருத்தர் புக் பண்ணி வந்து தூங்குறாரு. பாட்டு நல்லா இருக்காம். நாங்க பதினஞ்சு பேரு படிச்சோம். மத்தவங்களுக்கு பஸ்ஸுக்கு வீட்டுல விடல."

நெருக்கிக்கொண்டு இடம் கொடுத்தார்கள். ஆனால் மறுநாள் லாரியில் வந்து கூண்டுகளின் கண்ணாடிகளை அட்டைப் பெட்டியோடு வராந்தாவில் இறக்கிவிட்டுப் போனபோது பேச்சியம்மாள் எழுந்து கவுன்டருக்கு வந்தாள்.

"மேடம், இது என்னது?"

ஜெபசெல்வி சொன்னாள்.

"அப்போ எங்க மேஜ?"

"எடுத்துருவாங்க. வர்ற மாசம் ஆள் வந்து மாட்டுவாங்களாம்."

"பரிச்சைக்கு மூணு மாசம் இருக்கு. எனக்கு வயசு வரம்பு இதோட முடியுது மேடம், இதுதான் கடைசி. வீட்டுல ஒரு பக்கம் படிக்கதுக்குள்ள பத்துத் தடவ கூப்புடுவாவ. மேஜ வேணும்னு நாங்க ஒரு மனு எழுதித் தாரோம், மேல அனுப்புங்க."

"மனுவை வாங்க மாட்டாங்க. தேசிய வாசகர் கேட்டாத்தான் கணக்கு."

"அந்த ஒத்தத் தோசக்காரனா? அவனுக்கு என்ன மேடம் தெரியும் எங்களப் பத்தி?"

ஒன்றும் தெரியாது என்று ஜெபசெல்விக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை அவள் வினவியிடம், *நீள மேஜை எங்கே கிடைக்கும்?* என்று கேட்டாள். *தயக்கம் போதவில்லை.* பலர் சேர்ந்து உட்கார்ந்து படிப்பதால் என்ன நன்மை? *தயக்கம் போதவில்லை.* இருபது பேருக்கு ஒரு மேஜை போதுமா? அடித்தாள், அழித்தாள், நாற்காலியை விட்டு எழுந்து சுற்றி வந்தாள். *இது நடை. தயக்கம் அல்ல.* திரையின் மீது கோபம் வந்தது. பிறகு அது சொல்வது சரி என்று பட்டது. மேஜை அவர்களுக்கு வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் அந்த மேஜையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்காராத மேஜையை எப்படிக் கேட்பது? அடுக்குகளுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டூலைத்தான் அவளால் தயங்கித் தயங்கிக் கேட்க முடிந்தது. அந்த ஸ்டூலைத்தான் அரசாங்கம் கண்ணாடி போட்டு, பாட்டு வைத்து, நாடு முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் பேச்சியம்மாள் சாப்பாட்டுக்கு முன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஜெபசெல்வி பக்கத்தில் போய் நின்றாள்.

"அது நான்தான்."

"எது மேடம்?"

"தோசை மாவு."

பேச்சியம்மாளுக்குப் புரியவில்லை. ஜெபசெல்வி புறாவிலிருந்து ஆரம்பித்தாள். கேள்வி போடுவது, தயக்கமானி, பட்டியல், கிளை மூடாமல் இருக்க வேண்டுமென்று செய்தது எல்லாம் சொன்னாள். திறந்த குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வெளக்கு, செருப்பு?"

"அதுவும்."

"அட, அந்த மெண்டலு நீங்கதானா!" என்றாள் பேச்சியம்மாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு குழாயை மூடிவிட்டு ஜெபசெல்வியை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படப் போகிறாள் என்று ஜெபசெல்வி தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு என்ன கொழம்பு?"

"தக்காளி ரசம்தான்."

"டப்பாவ எடுத்துட்டு வாங்க. எங்க மேஜயத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அதுல சாப்புட்டுப் பாருங்க."

முதல் நாள் ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாம் நாள் ரஹ்மத் நிஷா, "எடுத்துக்கோங்க மேடம்," என்று முட்டைத் தொக்கை நகர்த்தினாள். ஒரு வாரத்தில் ஜெபசெல்வியின் ரசத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், அரசாங்க ரசம் என்று. தண்ணியாக இருக்கும், எல்லோருக்கும் போய்ச் சேரும். அவள் எப்போது அக்கா ஆனாள் என்று கவனிக்கவில்லை. கேள்வி கேட்டுப் படிக்கும்போது பதில் பகுதியை அவளிடம் கொடுத்துச் சரி பார்க்கச் சொன்னார்கள். சாயங்காலம் பஸ் வரும்வரை ரஹ்மத் நிஷாவோடு நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள். ஒருநாள் வீட்டுக்குள் விளக்கை முதலில் போட்டாளா, செருப்பை முதலில் கழற்றினாளா என்றே நினைவில்லை.

வினவியின் முன் போய் உட்கார்ந்தால் இப்போது எதுவும் வரவில்லை. மேஜைக்காகக் கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்வாள். ஆனால் மனசு காலி டப்பா மாதிரி இருக்கும், கழுவிக் கவிழ்த்தது போல. தள்ளுபடி ஆகும் என்று தெரிந்தே ஏதாவது அடித்துவிட்டு எழுந்துவிடுவாள்.

டெல்லியில் தேசிய வாசகர் பேச்சை நிறுத்திவிட்டார்.

என்ன கோளாறு என்று பார்க்க, தூய தரவுக் கிளையான நல்லமங்கலத்துக்கே ஓர் உயர் அதிகாரி வந்தார். நளின் மேத்தா என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். சட்டைக் காலரில் ஒரு பொத்தான் இல்லை. காதில் மொழிபெயர்ப்புக் கருவி மாட்டியிருந்தார். அவர் இந்தியில் முணுமுணுத்தால் அது தமிழில் உரக்கச் சொல்லும். குமரேசன் புதுச் சட்டையில் பின்னால் நின்றார்.

"வணக்கம் அம்மையீர்," என்றது கருவி. "தங்கள் கிளை நாட்டின் நாடித்துடிப்பு எனக் கருதப்படுகிறது. அத்துடிப்பு நின்றமை குறித்து ஆழ்ந்த கவலை கொள்கிறோம்."

"துக்க வீட்டு நோட்டீஸ் மாதிரில்லா பேசுது," என்றாள் பேச்சியம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

மேத்தா மேஜையைச் சுற்றி வந்தார். குட்டைக் காலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "இது எமது முதல் உத்தி அறிக்கை அல்லவா?"

"ஆமா சார்," என்றாள் ஜெபசெல்வி. "அது இல்லாம இங்க ஒரு நாளும் ஓடாது."

அவர் முகத்தில் பெருமிதம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஜெபசெல்விக்கு ஏனோ அவரை ஏமாற்றக் கூடாது என்று தோன்றியது. பெண்கள் முன்னிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேள்விகள் அவளுடையவை. தேசிய வாசகருக்குத் தனிமை பிடிக்காது, அது தாங்க முடியாமல்தான் கேட்டார். அவருக்கு மேஜைதான் வேண்டியிருந்தது. குமரேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

மேத்தா காதிலிருந்த கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கருவி சொன்னது: "அம்மையீர், தேசிய வாசகர் ஒரு தனிநபராக இருக்க வாய்ப்பில்லை. அவருக்கென்று ஏழு மாடிக் கட்டடம் எழுப்பியுள்ளோம்."

"அப்போ ஏன் சார் பேச்சை நிறுத்திட்டார்?"

"அதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. கேள்வி இல்லையெனில் தேவை இல்லை. தேவை இல்லையெனில் உத்தி முழு வெற்றி." சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது. இந்த விளக்கம் இப்போதுதான் அவருக்கே கிடைத்தது என்று தெரிந்தது.

போகும்போது வராந்தாவில், பிரிக்காத கண்ணாடிப் பெட்டிகளின் பக்கத்தில் நின்றார். குமரேசன் காரை அழைக்கப் போயிருந்தார். மேத்தா தாழ்ந்த குரலில் என்னவோ கேட்டார். கருவிக்குத் தாழ்ந்த குரல் கிடையாது.

"ஒருவருக்கு மட்டும் பருப்பு வேகவைக்க இயலுமா என்று வினவுகிறேன். தங்கள் மாவு வினாவைப் பலமுறை வாசித்தேன். அதற்கு வழங்கப்பட்ட விடை எனக்கு உதவவில்லை."

ஜெபசெல்வி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பொத்தான் இல்லாத காலரைப் பார்த்தாள்.

"முடியாது சார். நாலு பேருக்கு வேகவச்சு, மூணு பேருக்குக் கொடுக்கணும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே காரில் ஏறினார். யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கிறவர் போல இருந்தது.

பத்து நாளில் அறிவிப்பு வந்தது. நாடு தகவல் நிறைவு நிலையை அடைந்துவிட்டது. மக்களுக்கு இனிக் கேட்பதற்கு எதுவும் இல்லை. வெற்றி பெற்ற திட்டத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதால் எல்லாக் கிளைகளும் இப்போது எப்படி இருக்கின்றனவோ அப்படியே நீடிக்கும். மேஜை இருக்கும் இடத்தில் மேஜை, கூண்டு இருக்கும் இடத்தில் கூண்டு. புதிதாக ஒரு கேள்வி பதிவானாலும் நிறைவு நிலை கலைந்ததாகக் கருதி, மூன்றாம் பதிப்பு விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

குமரேசன் போனில் தழுதழுத்தார். "தப்பிச்சோம் மேடம். தயவுசெஞ்சு எதையும் கேட்டுறாதீங்க."

மேஜையில் அன்று கேசரி. பேச்சியம்மாள் செய்து கொண்டுவந்திருந்தாள். கூண்டின் அட்டைப் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் கைப்பைகளை வைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ரஹ்மத் நிஷா மட்டும் கேசரியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?" என்றாள் ஜெபசெல்வி.

"ஒண்ணுமில்லக்கா. எங்க ஊர்ல இனி கூண்டுதான். என்கூடப் படிச்சதுல ஒருத்திக்கு நேத்துக் கல்யாணம் பேசி முடிச்சுட்டாங்க. படிக்க எடமில்லல்ல, சும்மா வீட்டுலதான இருக்கேன்னு."

ஜெபசெல்வி டப்பாவைப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. மற்றவர்கள் ஏற்கெனவே கொடுத்ததெல்லாம் அதில் கிடந்தது. நல்லமங்கலத்தில் நெருக்கி உட்கார இடம் கொடுத்தாயிற்று. மேலக்கரையில் மிச்சம் பதினான்கு பேர், அதற்கு அப்பால் எத்தனை மேலக்கரைகளோ. அவள் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை இது.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"மிசின்லயா?" என்று யாரோ பதறினார்கள்.

"இல்ல, உங்கக்கிட்ட. ரொம்ப நாளாவே கேக்கணும்னு. தனியா சாப்பிட்டா மட்டும் ஏன் சாப்பாடு சீக்கிரம் தீர்ந்துருது?"

பேச்சியம்மாள் அப்பளத்தைக் கடித்தபடி சொன்னாள்: "பேசாமத் தின்னா தீரத்தான செய்யும்? இதுக்குப் போயா டெல்லி வரைக்கும் எழுதிப் போட்டீய?"

மேஜை குலுங்கச் சிரித்தார்கள். உத்தி அறிக்கை காலைத் தாங்கிக்கொண்டது. ஜெபசெல்வியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"மேலக்கரைக்கு மேஜை வேணும்னு கேக்கலாம்னு பார்க்குறேன். கேட்டா எல்லாம் மறுபடி ஆரம்பிக்கும். நம்ம மேஜையவும் எடுத்துட்டுப் போகலாம். எனக்காக மட்டும்னா கேட்டுருவேன். இது உங்க மேஜை."

மின்விசிறி சுற்றியது. எல்லோரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள். கடைசி வாய்ப்பு அவளுக்குத்தான். அவள் கேசரிப் பாத்திரத்தின் விளிம்பைக் கரண்டியால் சுரண்டினாள், அங்கே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"எடுத்துட்டுப் போனா அந்த அட்டப் பெட்டியப் பிரிச்சுத் தரையில விரிச்சு உக்காருவோம்," என்றாள் கடைசியில். "கேளுங்கக்கா."

வினவியின் முன் ஜெபசெல்வி உட்கார்ந்தாள். முதல் முறையாக அவளுக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். யாருடைய கையோ நாற்காலியின் முதுகில் இருந்தது. கேசரி மணத்தது. அவள் விரலை எழுத்தின் மேல் கொண்டுபோனாள், எடுத்தாள், மறுபடி கொண்டுபோனாள். பேச்சியம்மாளின் மூச்சு கழுத்தில் பட்டது. ஒரு எழுத்துகூட இன்னும் அடிக்கவில்லை. திரை ஒளிர்ந்தது.

*தயக்கம் போதுமானது. கேள்வியை உள்ளிடவும்.*

"அடிங்கக்கா," என்றாள் பேச்சியம்மாள். "சோறு அப்பிடியே கெடக்கு."